வழக்கை மீளப்பெறுதல்: திரும்பி வரும் உரிமையோடா, அதை இழந்தா?

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில், ஆண்டுக்கணக்காகத் தவணை வாங்கி நடந்த குடியியல் வழக்கு ஒன்று ஒருநாள் காலையில் பத்தே நிமிடத்தில் முடிந்துபோவது உண்டு. வழக்காளியின் சட்டத்தரணி எழுந்து இரண்டு வாக்கியம் சொல்வார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஆட்சேபனை இல்லை என்பார், அல்லது செலவு கேட்பார். நீதிபதி குறித்துக்கொள்வார், அடுத்த வழக்கைக் கூப்பிடுவார்கள். வெளியே வந்த வழக்காளி வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "வழக்கை வாபஸ் வாங்கிவிட்டோம், பிழையைத் திருத்திப் புதிதாகப் போடலாம்" என்று சொல்வார். புதிதாகப் போடலாமா என்பதை அவருடைய விருப்பம் தீர்மானிப்பதில்லை. அன்று காலை வழக்கேட்டில் என்ன எழுதப்பட்டது என்பதுதான் தீர்மானிக்கிறது. பலர் இதை இரண்டாவது வழக்கில் எதிராளியின் மறுமொழியைப் படிக்கும்போதுதான் அறிகிறார்கள்.

இலங்கையில் குடியியல் வழக்குகளை நடத்தும் முறையைச் சொல்வது 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமான குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை. அதன் 406ஆம் பிரிவு சொல்வது இது. வழக்குத் தொடுத்த பின்னர் எந்தக் கட்டத்திலும் வழக்காளி நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்கலாம். ஏதோ ஒரு முறைசார்ந்த குறைபாட்டால் வழக்கு தோற்றே தீரும் என்றோ, வழக்கிலிருந்து விலகவோ கோரிக்கையின் ஒரு பகுதியைக் கைவிடவோ போதிய காரணம் இருக்கிறது என்றோ நீதிமன்றம் திருப்தியடைந்தால், அதே விடயம் பற்றிப் புதிய வழக்குத் தொடுக்கும் சுதந்திரத்தோடு விலக அனுமதி கொடுக்கலாம். செலவு குறித்தோ வேறெது குறித்தோ தனக்குத் தக்கதெனப் படும் நிபந்தனைகளையும் விதிக்கலாம். அந்த அனுமதி இல்லாமல் விலகினால், நீதிமன்றம் விதிக்கும் செலவை வழக்காளி கட்ட வேண்டும், அதே விடயத்துக்காக மறுபடி வழக்குத் தொடுக்கவும் முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்காளிகள் இருந்தால், மற்றவர்களின் சம்மதமில்லாமல் ஒருவர் மட்டும் விலக இந்தப் பிரிவு இடம் தராது.

இங்கே எது விதி, எது விலக்கு என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். விலகுகிறவரை இழுத்து வைத்து வழக்காடச் செய்யும் ஆசை நீதிமன்றத்துக்கு இல்லை. போகிறவர் போகலாம். ஆனால் போனால் அத்தோடு போனதுதான். அனுமதி கேட்பது திரும்பி வருவதற்காக. ஆகவே வழக்கேட்டில் "வழக்கு மீளப்பெறப்படுகிறது" என்று மட்டும் இருந்து, புதிய வழக்குக்கான சுதந்திரம் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் இருந்தால், அந்த மௌனம் எதிராளிக்குச் சாதகமாகத்தான் வாசிக்கப்படும். "நாங்கள் அப்படித்தான் நினைத்தோம்" என்று பின்னர் சொல்வதற்கு மதிப்பில்லை.

பிரிவின் பிறப்பிடம் இந்தியா. 1882ஆம் ஆண்டு இந்தியக் குடியியல் கோவையின் 373ஆம் பிரிவைப் பார்த்து எழுதப்பட்டது இது. இந்தியாவில் அது 1908ஆம் ஆண்டுக் கோவையின் 23ஆம் கட்டளைக்குள் இடம் மாறியது. சென்னையிலோ மதுரையிலோ வழக்காடுகிறவர்களும் இதே குடும்பத்துச் சட்டத்தைத்தான் கையாளுகிறார்கள். இலங்கையில் 1970களில் நீதி நிர்வாகச் சட்டம் வந்து பழைய கோவையை ஓரங்கட்டியது. 1977இல் 19ஆம் இலக்கச் சட்டம் அதைத் திரும்ப அழைத்து வந்தது. அந்தக் கோவைக்கு மறுவாழ்வு கிடைத்தபோது 406ஆம் பிரிவும் கூடவே எழுந்து வந்தது.

எப்படிப்பட்ட குறைபாடு?

முறைசார்ந்த குறைபாடு என்றால், தகராறின் உள்ளடக்கத்தைத் தொடாமலே வழக்கைக் கவிழ்க்கக்கூடிய பிழை. கொழும்பில் இதற்கு முதல் இடம் காணி வழக்குகளுக்கு. காணியின் ஒரு குறித்த துண்டைக் கோரும் வழக்குரையில், அதாவது வழக்காளி தன் கோரிக்கையை எழுதித் தாக்கல் செய்யும் ஆவணத்தில், அந்தத் துண்டை எல்லைகளாலும் அளவாலும், அல்லது படத்தைச் சுட்டியும் விபரிக்க வேண்டும் என்று 41ஆம் பிரிவு சொல்கிறது. கொட்டாஞ்சேனையிலோ கிராண்ட்பாஸிலோ உள்ள பழைய உறுதிகளை எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு தலைமுறைக்கு முந்திய அயலவரின் பெயரில் வடக்கெல்லை இருக்கும், மாநகர சபையின் பழைய வரிமதிப்பு இலக்கம் இருக்கும், பேர்ச்சஸ் கணக்கு இன்றைய அளவோடு ஒத்துப்போகாது. உறுதியின் அட்டவணையை அப்படியே வழக்குரையில் பெயர்த்து எழுதிவிடுகிறார்கள். பிறகு நீதிமன்ற ஆணையின்பேரில் நில அளவையாளர் போய் அளக்கிறார். அவருடைய படத்தில் எதிராளி நிற்கும் இடம் வழக்குரையின் அட்டவணைக்கு வெளியே விழுகிறது. உரித்தை எவ்வளவு நன்றாக நிரூபித்தாலும், நிரூபித்த காணியும் கேட்ட காணியும் ஒன்றல்ல என்றால் வழக்கு நிற்காது.

இரண்டாவது, வெளிநாட்டிலிருக்கும் உரிமையாளர்கள். வெள்ளவத்தையில் மாடிவீடு, உரிமையாளர் கனடாவில், பார்த்துக்கொள்பவர் அற்றோணித் தத்துவம் (உரிமையாளர் சார்பில் செயற்பட எழுத்தில் கொடுத்த அதிகாரம்) பெற்ற மைத்துனர். வழக்கு உரிமையாளரின் பெயரில், தத்துவக்காரர் ஊடாகத் தொடுக்கப்பட வேண்டும். அவசரத்தில் மைத்துனரே வழக்காளியாகிவிடுகிறார். குத்தகைக்காரர் வாடகை தரவில்லை என்பதில் ஐயமில்லாவிட்டாலும் மைத்துனருக்கு வழக்குரிமை இல்லை.

மூன்றாவது, மத்தியஸ்த சபையின் சான்றிதழ். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி, குறித்த பெறுமதிக்கு உட்பட்ட பல குடியியல் தகராறுகள் முதலில் அந்தச் சபைக்குப் போக வேண்டும். இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. பெறுமதியைச் சட்டத்தரணி ஒருவிதமாகக் கணித்து, நீதிமன்றம் வேறுவிதமாகக் கணித்தால் வழக்கு அந்தரத்தில் நிற்கும்.

வாடகை வீட்டு வழக்குகளில் வரும் அறிவித்தல் பிழை சற்று நுட்பமானது. மாதவாடகைக் குடியிருப்பை முடிக்கப் பொதுச் சட்டப்படி ஒரு முழு மாத அறிவித்தல் வேண்டும். ஐந்தாம் திகதி கடிதம் அனுப்பி அந்த மாதக் கடைசியில் வெளியேறச் சொன்னால் அது செல்லாது. அந்தக் கடிதத்தை நம்பித் தொடுத்த வழக்கும் செல்லாது. வீட்டுக்காரர் இங்கே சரியான அறிவித்தல் கொடுத்துப் புதிதாகத் தொடங்குவதே வழி. முதல் வழக்கின்போது வழக்குக் காரணமே பிறக்கவில்லை, எனவே புதிய அறிவித்தலோடு பிறப்பது வேறு காரணம், அனுமதி இல்லாவிட்டாலும் தடை இல்லை என்று வாதாட இடமுண்டு. வாதாட இடம் இருக்கிறது என்பதற்காக அனுமதி கேட்காமல் விடுவது எனக்கு வீரமாகத் தெரியவில்லை. ஒரு வரி கூடுதலாகக் கேட்டுவிட்டுப் போனால் அந்த வாதத்துக்கே தேவையில்லை.

ஒவ்வொரு பிழைக்கும் மருந்து விலகுவது என்று நினைக்கவும் கூடாது. தரப்பினர் சேராமல் விடுபட்டார்கள், அல்லது தேவையில்லாமல் சேர்க்கப்பட்டார்கள் என்பதற்காக மட்டும் வழக்கு தோற்காது என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. விடுபட்டவரைச் சேர்க்க 18ஆம் பிரிவு இருக்கிறது. வழக்குரையைத் திருத்த 93ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் திருத்தத்தின் கதவு வரவரச் சுருங்கிவருகிறது. 1991ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, விசாரணைக்கு முதலில் குறித்த நாள் வந்துவிட்டால், அனுமதிக்காவிட்டால் பாரதூரமான, ஈடுசெய்ய முடியாத அநீதி ஏற்படும் என்றும், விண்ணப்பித்தவர் கவனமின்றித் தாமதிக்கவில்லை என்றும் நீதிபதி திருப்தியடைய வேண்டும். பின்னர் முன்விசாரணை நடைமுறை வந்தது, அந்த எல்லை இன்னும் முன்னுக்கு நகர்ந்தது. 406ஆம் பிரிவுக்கு இன்று கூட்டம் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். முன்பு திருத்தத்தால் சமாளித்த பிழைகளுக்கு இன்று விலகித் திரும்பி வருவதே மிஞ்சுகிறது.

எது போதிய காரணம் அல்ல?

"போதிய காரணம்" என்ற சொற்கள் அகலமானவை. அதனால்தான் தோற்கப்போகும் வழக்கைக் காப்பாற்றிக்கொள்ள வழக்காளிகள் அந்த அகலத்துக்குள் நுழையப் பார்க்கிறார்கள். சாட்சி சரியாகச் சொல்லவில்லை, குறுக்கு விசாரணையில் முக்கிய ஆவணம் அடிபட்டது, கூப்பிட வேண்டியவரைக் கூப்பிட மறந்தாயிற்று. இவை குறைபாடுகள்தான், ஆனால் வழக்கை நடத்தியதில் உள்ள குறைபாடுகள். 1869இல், அன்றைய பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் கோமறைக் கழகம், வங்காளத்திலிருந்து வந்த வாட்சன் எதிர் ராஜஷாஹி கலெக்டர் வழக்கில் இந்தக் கோட்டை இழுத்தது. தரப்பினரையோ விடயங்களையோ பிழையாகச் சேர்த்தல், முத்திரை இல்லாததால் ஆவணம் நிராகரிக்கப்படுதல், பெறுமதியைப் பிழையாகக் கணித்தல் போன்றவற்றுக்காக வழக்காளிக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாம். நிரூபிக்க வேண்டியதை நிரூபிக்காமல் விட்டவருக்கு மறுபடி முயன்று பார்க்க வாய்ப்புக் கொடுக்க அதிகாரமில்லை. இப்போதைய பிரிவின் சொற்கள் அதற்குப் பிந்தியவை என்றாலும், அந்த நியாயம் இன்றும் நீதிபதிகளின் மனதில் வேலை செய்கிறது. எதிராளியின் இடத்திலிருந்து பார்த்தால் அதன் நேர்மை விளங்கும். அவர் ஆறு ஆண்டு வந்து நின்று, சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுத்து, குறுக்கு விசாரணையில் வென்றிருக்கிறார். வெற்றி கைக்கு எட்டும்போது ஆட்டத்தைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து என்றால், தன் துருப்புச் சீட்டுகளையெல்லாம் காட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு உட்காரச் சொல்வதற்குச் சமம்.

பிரிவு "எந்தக் கட்டத்திலும்" என்று சொன்னாலும், கட்டம் கணக்கில் எடுக்கப்படத்தான் செய்கிறது. மறுமொழி தாக்கலாகும் முன் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வழக்கெழு வினாக்கள் (விசாரணையில் தீர்க்க வேண்டிய கேள்விகள்) எழுதப்பட்ட பின் காரணம் சொல்ல வேண்டும். சாட்சியம் முடிந்து தீர்ப்புக்கு ஒதுக்கிய பிறகு வந்து நின்றால், அந்தக் காரணம் இத்தனை நாள் எங்கே இருந்தது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

கடிகாரம் நிற்பதில்லை

அனுமதி கிடைத்தவர்கள் விழும் பெரிய குழி 407ஆம் பிரிவில் இருக்கிறது. அனுமதியோடு தொடுக்கும் புதிய வழக்கில், முதல் வழக்கே தொடுக்கப்படவில்லை என்பதுபோல் காலவரையறைச் சட்டம் வழக்காளியைக் கட்டுப்படுத்தும். அதாவது நீதிபதி கொடுப்பது வழக்குத் தொடுக்கும் சுதந்திரம் மட்டும். காலத்தை நீட்டிக் கொடுக்க அவருக்கு இந்தப் பிரிவில் அதிகாரமில்லை.

காலங்களைச் சொல்வது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம். எழுத்து மூலமான ஒப்பந்தம், வாக்குறுதிச் சீட்டு, மாற்றுண்டியல் ஆகியவற்றுக்கு ஆறு ஆண்டு. எழுதப்படாத ஒப்பந்தத்துக்கு மூன்று. விற்று ஒப்படைத்த பொருளின் விலைக்கு ஒன்று. தீங்கினால் வந்த நட்டத்துக்கு இரண்டு. இந்த எண்களைப் புதுக்கடையில் ஒரு வழக்கு எடுக்கும் காலத்தோடு பொருத்திப் பாருங்கள். வீதி விபத்தில் காயமடைந்தவர் இரண்டு ஆண்டு முடிவதற்குச் சற்று முன் நட்டஈட்டு வழக்குத் தொடுக்கிறார் என்று வைப்போம். வாகன உரிமையாளரின் பெயருக்குப் பதில் வேறொருவரை எதிராளியாக்கிவிட்டார்கள் என்பது விசாரணைத் தினத்தில் தெரியவருகிறது. அனுமதியோடு விலகலாம், நீதிபதியும் தாராளமாகக் கொடுப்பார். ஆனால் அன்றைக்கே இரண்டு ஆண்டு கடந்துபோயிருக்கும். கையிலிருக்கும் அனுமதியால் ஒரு பயனும் இல்லை.

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவிலிருந்து ஒரு கற்பனை உதாரணம். மொத்த வியாபாரி ஒருவர் 2022 மார்ச்சில் சீனியும் பருப்பும் கடனுக்குக் கொடுக்கிறார். வாங்கியவர் அதே மாதத் திகதியிட்டுக் கொடுத்த காசோலை திரும்பி வருகிறது. 2023 ஜனவரியில், விற்று ஒப்படைத்த பொருளின் விலை என்று வழக்குப் போடுகிறார். காலம் சரி. எதிராளி தனியாளா கம்பனியா என்ற குழப்பத்தால் 2025 ஜூனில் அனுமதியோடு விலகுகிறார். ஓகஸ்டில் புதிய வழக்கு. அதையும் பொருளின் விலை என்ற அடிப்படையில் போட்டால், 2023 மார்ச்சிலேயே காலாவதியான கோரிக்கை அது. காசோலையின் அடிப்படையில் போட்டால், அதுவும் ஒருவகை மாற்றுண்டியல் என்பதால் ஆறு ஆண்டுக் கணக்கு, 2028 வரை இடமிருக்கிறது. வாங்கியவர் இடையில் கடனை எழுத்தில் ஏற்றுக்கொண்டிருந்தாலோ ஒரு பகுதியைக் கட்டியிருந்தாலோ கணக்கு அங்கிருந்து புதிதாகத் தொடங்கலாம். இந்தக் கணக்கையெல்லாம் விலகுவதற்கு முன்பே போட வேண்டும். விலகிய பிறகு போடும் கணக்கால் வழக்காளிக்குப் பயனில்லை.

காணியில் இதற்கு இன்னொரு முகம். பத்து ஆண்டு தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆட்சி செய்தவருக்குக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு உரித்துத் தருகிறது. ஒருவர் 2014இல் அத்துமீறிப் புகுந்தார், 2020இல் உரிமையாளர் வழக்குத் தொடுத்தார், 2025இல் அனுமதியோடு விலகிப் புதிய வழக்குத் தொடுத்தார் என்றால், எதிராளியின் சட்டத்தரணி முதலில் எடுத்து வைக்கப்போவது "பதினொரு ஆண்டு ஆட்சி" என்ற வாதத்தைத்தான். முதல் வழக்கு ஆட்சியைக் குலைத்ததா, அல்லது அது தொடுக்கப்படாததுபோல் ஆகிவிட்டதா என்ற தகராறைப் புதிய வழக்கு சுமந்துகொண்டு போக வேண்டும். பத்தாண்டை நெருங்கும் காணி வழக்கில், அட்டவணைப் பிழைக்காக விலகுவதைவிட, எவ்வளவு கடினமானாலும் 93ஆம் பிரிவின் கீழ்த் திருத்தத்துக்குப் போராடிப் பார்ப்பதே மேல் என்பது என் எண்ணம்.

இரண்டு வழக்குகளுக்கு இடையிலுள்ள இடைவெளியும் ஆபத்தானது. முதல் வழக்கில் பெற்ற இடைக்காலத் தடைக்கட்டளை அந்த வழக்கோடு போய்விடும். காணிப் பதிவகத்தில் பதிந்த வழக்கு நிலுவை அறிவித்தலும் முதல் வழக்கைப் பற்றியது. புதிய வழக்கைத் தொடுத்து அதைப் பதியும்வரை எதிராளி காணியை விற்கவோ ஈடுவைக்கவோ தடையில்லை. தயாராக எழுதி வைத்த புதிய வழக்குரையைப் பையில் வைத்துக்கொண்டுதான் விலகும் விண்ணப்பத்தைச் செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ள சட்டத்தரணிகள் சொல்வது இதனால்தான்.

வாய்ப்பேச்சில் முடிந்த சமாதானம்

பிழைக்காக விலகுகிறவர்களைவிட, சமாதானமாகிவிட்டது என்று விலகுகிறவர்களே அதிகம் நட்டப்படுகிறார்கள் என்று துணிந்து சொல்வேன். காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அண்ணன் தம்பி, அல்லது செட்டியார் தெருவில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள். நடுவே ஒரு பெரியவர், கோவில் தர்மகர்த்தாவோ பள்ளிவாசல் நிர்வாகியோ பங்குத்தந்தையோ. "வழக்கை எடுத்துவிடு தம்பி, மூன்று தவணையில் காசு தருகிறார், நான் பொறுப்பு" என்கிறார். பெரியவரின் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து வழக்காளி போய் விலகுகிறார். அனுமதி கேட்கவில்லை, கேட்பது பெரியவரை நம்பாததுபோல் ஆகும் என்ற கூச்சம். முதல் தவணைப் பணம் வருகிறது. இரண்டாவது வருவதில்லை.

இப்போது அவரிடம் என்ன இருக்கிறது? நிறைவேற்றக்கூடிய தீர்ப்பாணை இல்லை. பழைய கடனுக்கு மறுபடி வழக்குப் போட 406ஆம் பிரிவு தடை. வாய்மொழி இணக்கத்தைப் புதிய ஒப்பந்தம் என்று சொல்லி வழக்காடிப் பார்க்கலாம். அதை நிரூபிக்கப் பெரியவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற வேண்டும், அவர் வருவாரா என்பது வேறு கதை.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 408ஆம் பிரிவின் கீழ், தரப்பினரின் இணக்கத்தை நீதிமன்றத்துக்கு அறிவித்து, நிபந்தனைகளைப் பதிந்து, அதன்படி தீர்ப்பாணை பெறலாம். இரண்டாவது தவணைப் பணம் வராவிட்டால் அந்தத் தீர்ப்பாணையை நேராக நிறைவேற்றலாம், புதிய வழக்கே தேவையில்லை. பெரியவரின் முகமும் கெடாது. அவர் செய்துவைத்த இணக்கத்தைத்தான் நீதிமன்றம் எழுதி வைக்கிறது. எதிராளி இதற்கு மறுத்து, "வழக்கை எடுத்தால்தான் காசு" என்று பிடிவாதம் பிடித்தால், அந்தப் பிடிவாதத்தையே ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

பல வழக்காளிகள் உள்ள குடும்ப வழக்குகளுக்கு 406ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு ஒரு காவல். தந்தையின் வீட்டுக்காக நான்கு பிள்ளைகள் வழக்காளிகள், ஒருவர் கொழும்பில், மூவர் வெளிநாட்டில் என்றால், கொழும்பிலிருப்பவர் எதிராளியோடு தனியே பேசி முடித்துவிட்டுத் தான் மட்டும் விலக அனுமதி கேட்க முடியாது. மற்ற மூவரின் சம்மதம் வேண்டும். எதிராளி எதிர்க்கோரிக்கை வைத்திருந்தால் இன்னொரு விடயமும் உண்டு. 75ஆம் பிரிவின்படி எதிர்க்கோரிக்கை, ஒரு குறுக்கு வழக்கின் வழக்குரைக்குச் சமமானது. வழக்காளி தன் வழக்கை விலக்கிக்கொண்டாலும் அது தனக்கென்று நிற்கும். அவர் வெளியே போய்விட்டதாக நினைத்துத் தவணைக்கு வராமல் இருந்தால், அவருக்கு எதிராக அங்கே தீர்ப்பு எழுதப்படும்.

விலகாமல் சும்மா விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. விசாரணைத் தினத்தில் வராவிட்டால் 87ஆம் பிரிவின் கீழ் வழக்கு தள்ளுபடியாகும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நடவடிக்கை எடுக்காமல் விட்டால் 402ஆம் பிரிவின் கீழ் வழக்கு அற்றுப்போனதாகக் கட்டளையிடலாம், அதன்பின் அதே காரணத்துக்குப் புதிய வழக்கு இல்லை. இரண்டிலும் திரும்ப எழுப்ப வழிகள் இருக்கின்றன, காரணம் காட்ட வேண்டும். அனுமதி கேட்டு விலகுவதோடு ஒப்பிட இவை எதுவும் பாதுகாப்பான வழி அல்ல.

எழுத்தில் என்ன இருக்கிறது?

கொழும்பில் தமிழ் வழக்காளிக்கு ஒரு கூடுதல் சுமை. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி சிங்களமும் தமிழும் நாடு முழுவதும் நீதிமன்ற மொழிகள். தமிழ் நிர்வாக மொழியாக இல்லாத கொழும்பு போன்ற பகுதிகளில் பதிவேடும் நடவடிக்கைகளும் சிங்களத்தில் நடக்கும். ஆங்கிலத்தைப் பயன்படுத்தவும் அமைச்சர் அனுமதிக்கலாம். தமிழில் வழக்குரை தாக்கல் செய்யவும், புரியாத மொழியில் நடப்பதை மொழிபெயர்த்துத் தருமாறு கேட்கவும் தரப்பினருக்கு உரிமை உண்டு. காகிதத்தில் உள்ள இந்த உரிமையை, விலகும் அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் நினைப்பதில்லை. தரப்பினர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார், முன்னால் என்ன பேசப்பட்டது என்பது அவருக்குச் சுருக்கமாகச் சொல்லப்படும். அந்தச் சுருக்கத்தில் விழுந்துபோவது பெரும்பாலும் "புதிய வழக்குத் தொடுக்கும் சுதந்திரத்தோடு" என்ற பகுதியோ, அதோடு ஒட்டிய நிபந்தனையோதான்.

நிபந்தனை அலட்சியப்படுத்தக்கூடியதல்ல. எதிராளியின் செலவாக இவ்வளவு தொகையைப் புதிய வழக்குக்கு முன் கட்ட வேண்டும் என்று கட்டளையிருந்தால், அந்தத் தொகையைக் கட்டிய பற்றுச்சீட்டு இல்லாமல் தொடுத்த புதிய வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யக் கோருவார்கள். "முன்" என்பதற்கும் "செலவோடு" என்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே வழக்கையே தீர்மானிக்கும்.

அதனால் வாய்மொழியாகக் கேட்பதைவிட எழுத்தில், காரணத்தைத் தெளிவாகச் சொல்லி விண்ணப்பிப்பது நல்லது. இன்ன குறைபாடு, அதனால் வழக்கு ஏன் தோற்கும், திருத்தத்தால் ஏன் சரிசெய்ய முடியாது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் வழக்கைத் தொடர்ந்து நடத்துவோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அனுமதி கிடைக்காமல், வழக்கும் மீளப்பெறப்பட்டதாகப் பதிவாகிவிடும் அபாயம் இருக்கிறது. எதிர்த்தரப்பு சம்மதித்தாலும், நீதிபதி எதனால் திருப்தியடைந்தார் என்பது கட்டளையில் ஒரு வரியாவது இருக்கட்டும். அனுமதி மறுத்த கட்டளைக்கு எதிராக, பதினான்கு நாளுக்குள் மேன்முறையீட்டுக்கு அனுமதி கோரி மாகாணக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

புதிய வழக்கைத் தொடுக்கும்போது, முந்திய வழக்கின் இலக்கம், விலகிய திகதி, பெற்ற அனுமதி, செலவு கட்டிய விபரம் ஆகியவற்றை வழக்குரையிலேயே சொல்லி, கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதியை இணைத்துவிட வேண்டும். அந்தப் பிரதியை விலகிய வாரத்திலேயே பதிவறையில் விண்ணப்பித்து எடுத்துக்கொள்வது நல்லது. கட்டளையில் சுதந்திரம் பற்றிய வரி விடுபட்டிருந்தால், அதே நீதிபதிக்கு முன் அதே சட்டத்தரணிகளை வைத்துச் சரிசெய்யச் சொல்லிக் கேட்க அந்த வாரம்தான் வசதியான நேரம்.